வேண்டாமென்று சொன்ன நான்கு தகடுகள்

ஐப்பசி மாதம் நான்காம் தேதி, திங்கட்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். கோவில்பட்டி ரயில் நிலையம். வானம் மூடியிருந்தது. மழை இல்லை, காற்றும் இல்லை. முதல் நாள் தூறலில் தண்டவாளத்துக்கு அப்பால் கரிசல் நனைந்து கன்னங்கரேலென்று கிடந்தது.

வருஷத்தை மட்டும் கேட்காதீர்கள். தேதியும் கிழமையும் மணியும் தங்குகிற என் மண்டையில் வருஷம் தங்குவதில்லை. எண்பதுகளின் பின்பாதி என்று வைத்துக்கொள்ளலாம்.

சட்டையின் உள்பையில் ஆயிரத்து ஐந்நூற்றைம்பது ரூபாய் இருந்தது. பையின் வாயை ஊக்கு போட்டு மூடியிருந்தேன். வீட்டில் இரண்டு முறை, வரும் வழியில் ஒரு முறை, தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் நின்று ஒரு முறை என்று நான்கு முறை எண்ணியாயிற்று. ஐந்தாவது முறை எண்ணலாமா என்று கை போனது. பக்கத்தில் ஒருவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். விட்டுவிட்டேன்.

சென்னையிலிருந்து வரும் வண்டி எங்கள் ஊரில் இரண்டு நிமிடம் நிற்கும். அந்த இரண்டு நிமிடத்துக்குள் தனபால் என்பவர் ஒரு தகரப் பெட்டியை எனக்கு இறக்கித் தர வேண்டும். நான் திறந்து பார்த்துப் பணம் கொடுக்க வேண்டும். அவர் திரும்பவும் ஏறி நாகர்கோவில் போக வேண்டும். தனபாலை நான் அதற்கு முன் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன்.

முந்தின நாள் என் மனைவி பேச்சியம்மாளை வைத்து வீட்டு வாசலில் ஒத்திகை பார்த்தேன். அவள் படியில் நின்று காலிப் பெட்டியை நீட்டினாள். நான் வாங்கி, திறந்து, மூடி, பணம் கொடுத்தேன். ஒரு நிமிடம் ஐம்பது நொடி ஆனது.

"பெட்டிக்குள்ள ஒண்ணும் இல்லாமயே இம்புட்டு நேரம் ஆகுது. நாளைக்கு ஆளும் வரணும், சாமானும் வரணும், வண்டியும் வரணும்" என்றாள் அவள்.

மார்பில் கட்டும் தாங்கி

சென்ற வாரம் இந்தத் தொடரில் எங்கள் போட்டோ ஸ்டூடியோவுக்கு வீடியோ காமிரா வந்ததைச் சொல்லியிருந்தேன். தோளில் வைத்து எடுக்கிற, பெரிய காசெட் போடுகிற காமிரா. பெட்டிக்குள் வரவிருந்தது அதைத் தாங்குகிற ஒரு கருவி.

அதை முதன்முதலில் நான் பார்த்தது பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம். ஏதோ ஒரு படப்பிடிப்புக் குழு வந்து கரிசல் காட்டில் இறங்கியிருந்தது. வேடிக்கை பார்க்கப் போனவர்களில் நானும் ஒருவன். காமிரா உதவியாளர் ஒருவர் மார்பில் தோல் கச்சை கட்டி, அதிலிருந்து நீண்ட இரும்புக் கையின் நுனியில் காமிராவை நிறுத்தி, உழுத கட்டிகளின் மேல் ஓடினார். அவர் உடம்பு குலுங்கியது. காமிரா குலுங்கவில்லை. தண்ணீர் நிறைந்த குடத்தைத் தலையில் வைத்து நடக்கிற பெண்ணின் கழுத்து மாதிரி அது அமைதியாகப் போயிற்று.

அவர்தான் தனபால். வெளிநாட்டுக் கருவி ஒன்றைப் பார்த்து, சென்னையில் ஒரு லேத் பட்டறையில் அடித்த சாமான் அது என்றார். ஸ்டெடி என்று அதற்குப் பெயர் சொன்னார். புதிது ஒன்று வாங்கப் போவதாகவும், பழையதைத் தள்ளிவிட நினைப்பதாகவும் சொன்னார். விலாசம் வாங்கி வைத்துக்கொண்டேன்.

கடிதம் போட்டேன். பதிலில் பட்டியல் எழுதியிருந்தார். தோல் கச்சை ஒன்று. சுருள்வில் வைத்த கை ஒன்று. குழாய்த் தண்டு ஒன்று. காமிரா உட்காரும் பலகை ஒன்று. திருகு முடுக்கும் சாவி ஒன்று. இரும்புத் தகடு நான்கு. விலை ஆயிரத்து அறுநூறு.

நான் உட்கார்ந்து யோசித்தேன். இரும்புத் தகட்டுக்கு எதற்குச் சென்னை வரை போக வேண்டும்? பழைய இரும்புக் கடை கோவில்பட்டியில் இல்லையா? தகடுகளை விட்டுவிடுங்கள், ஐம்பது ரூபாய் குறையுங்கள், உங்களுக்கும் சுமை குறையும் என்று பதில் எழுதினேன். இந்தக் கடைசி வரியை எழுதியபோது எனக்கு என் மேலேயே மரியாதை வந்தது.

அரை டம்ளர்

அந்தத் தாங்கி எனக்கு ஏன் வேண்டும் என்பது ஊரில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று நான். இன்னொன்று பேச்சியம்மாள். ஆனால் நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

என் வலது கை நடுங்கும்.

ஸ்டூடியோ வைப்பதற்கு முன் நான் ஒரு தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதினேன். அடுக்கி வைத்த பெட்டிகளைக் கண்ணாலேயே எண்ணுகிற வேலை. எதைப் பார்த்தாலும் எண்ணுகிற பழக்கம் அங்கிருந்து வந்தது. நடுக்கமும் அங்கேதான் தொடங்கியது என்று நினைக்கிறேன். ஒரு நாள் ஏழு என்று எழுதினேன். ஏழின் கால் கோணிக்கொண்டு போயிற்று. டாக்டர் ஒருவர் நரம்பு என்றார். இன்னொருவர் கவலை என்றார். இரண்டுக்கும் ஒரே மாத்திரையைக் கொடுத்தார்கள்.

போட்டோ எடுக்க அது இடைஞ்சலாக இல்லை. காமிரா மூன்று கால் ஸ்டாண்டில் நிற்கும். கையில் ஒரு நீளமான கம்பி விசை இருக்கும். அமுக்கினால் போதும். படத்தில் யார் கையும் நடுங்காது.

வீட்டில் மட்டும் ஒரு மாற்றம் வந்தது. பேச்சியம்மாள் எனக்குக் காப்பியை அரை டம்ளர்தான் ஊற்றுவாள். குடித்து முடித்ததும் இன்னொரு அரை டம்ளர். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அந்த ஐப்பசியில் அதற்கு ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

வீடியோ வந்தது. கல்யாண வீட்டில் எல்லோரும் நகர்கிறார்கள், காமிராவும் நகர வேண்டும் என்கிறார்கள். ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு பெண்ணுக்குப் பின்னால் ஓட முடியாது. விளாத்திகுளத்தில் ஒரு கல்யாணத்தைத் தோளில் வைத்து எடுத்தேன். வீட்டில் போட்டுப் பார்த்தபோது மாப்பிள்ளை, பெண், நாதஸ்வரக்காரர், வாழை மரம் எல்லாம் ஒருசேர நடுங்கின. புது காமிரா, இன்னும் பழகவில்லை என்று அந்த வீட்டாரிடம் சொல்லிச் சமாளித்தேன்.

இடுப்புக்கு மேலே

புரட்டாசியில் ஒரு நாள் அழகர்சாமி அண்ணாச்சி ஸ்டூடியோவுக்கு வந்தார். நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் அவருக்கு. மானாவாரி விவசாயி. அறுபது வயது இருக்கும். மகள் கோமதிக்கு ஐப்பசி பதினொன்றாம் தேதி கல்யாணம். மகன் ராஜபாண்டி அபுதாபியில் இருந்தான்.

"மவனுக்கு லீவு கெடையாதுன்னுட்டானுவ, தம்பி. வீட்டு வாசல்லேருந்து பந்தல் வரைக்கும் எம் மவளக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வருவேன். அத நிறுத்தாம ஒரே மூச்சா எடுக்கணும். அவனும் எங்க கூட நடந்து வார மாதிரி இருக்கணும்" என்றார்.

"எடுத்துருவோம் அண்ணாச்சி."

"ஆனா ஒம்ம படம் ஆடுதுன்னு எழுதியிருக்கான். அந்த விளாத்திகுளத்துக் கல்யாணம் அங்கன வரைக்கும் போயிருக்கு. பாத்தவனுக்கெல்லாம் தலை சுத்துதாம். மாட்டு வண்டில உக்காந்து எடுத்தாரான்னு கேக்கான். மதுரைலேருந்து ஆளக் கூப்பிடுங்கன்னு எழுதுதான்."

எனக்குக் காது சுட்டது. "பொறவு ஏன் எங்கிட்ட வந்தீய?"

"எம் பொண்டாட்டி படம் நீரு எடுத்தது. அவ போயி நாலு வருசமாச்சி. அவ மொகம்னு வீட்டுல இருக்கது அந்த ஒரு படந்தான். வேற ஆளக் கூப்பிட மனசு வரல."

அந்த அம்மாளை எனக்கு ஞாபகம் இருந்தது. காமிராவைப் பார்க்காமல் என் பின்னால் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று முறை எடுத்து, மூன்றாவதுதான் சரியாக வந்தது.

எழுந்து போகப் போனவர் நின்றார். தெருவை ஒரு முறை பார்த்துவிட்டு வேட்டியைக் கணுக்காலுக்கு மேல் தூக்கினார். இடது காலில் துணிக்கட்டு. கட்டின் முனை மொட்டையாக இருந்தது.

"சர்க்கரை வியாதி. ரெண்டு வெரல எடுத்துட்டாவ. செருப்பு நிக்க மாட்டேங்கு, வெறுங்காலாத்தான் நடக்கேன். மவனுக்குத் தெரியாது. தெரிஞ்சா ஒரு நாள் இருக்க மாட்டான், வேலையப் போட்டுட்டு வந்துருவான். ஒப்பந்தத்துல இன்னும் பதினாலு மாசம் கெடக்கு. இடுப்புக்கு மேல எடும், தம்பி. கால் மட்டும் படத்துல விழவே கூடாது."

"விழாது அண்ணாச்சி. நான் பாத்துக்கிடுதேன்."

இதைச் சொல்லும்போது என் வலது கையை மேசைக்குக் கீழே, தொடைக்கும் நாற்காலிக்கும் நடுவில் வைத்திருந்தேன்.

அடுத்த வாரமே அவருடைய ஊருக்குப் போய் வாசலிலிருந்து பந்தல் போடும் இடம் வரை நடந்து எண்ணினேன். இருநூற்றுப் பதினான்கு அடி எடுத்து வைக்க வேண்டியிருந்தது. முகம் தெரிய வேண்டுமானால் அத்தனையும் பின்னோக்கி நடக்க வேண்டும்.

இரண்டு நிமிடம்

வண்டி முப்பத்தைந்து நிமிடம் தாமதமாக வந்தது. மூன்றாவது பெட்டி என்று எழுதியிருந்தார். தனபால் ஐந்தாவது பெட்டியின் கதவில் தொங்கிக்கொண்டு கை காட்டினார். ஓடினேன். இருபது நொடி போயிற்று.

பெட்டி இறங்கியது. அங்கேயே குந்தி உட்கார்ந்து திறந்தேன். கச்சை, கை, தண்டு, பலகை, சாவி. ஐந்து. சுருள்வில்லை அமுக்கிப் பார்த்தேன். தெறித்து எழுந்தது. கச்சையின் தோல் வியர்வையில் கறுத்திருந்தது. யாரோ ஒருவருடைய உழைப்பின் வாசனை. பரவாயில்லை.

ஊக்கைக் கழற்றிப் பணத்தைக் கொடுத்தேன். அவர் எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டார். எனக்கு அது பிடிக்கவில்லை.

"சார், ஒரு நிமிஷம்" என்று உள்ளே போனவர், ஒரு சாக்குப்பையைத் தூக்க முடியாமல் தூக்கி வந்து படியில் வைத்தார். உள்ளே இரும்பு மோதும் சத்தம் கேட்டது. "தகடும் எடுத்தாந்துட்டேன் சார். இது இல்லாம காமிரா நிக்காது. அம்பது ரூபா குடுத்துட்டு வாங்கிக்கங்க."

என்னிடம் மிச்சம் இருந்தது பிளாட்பார டிக்கெட்டும் மூன்று ரூபாய்ச் சில்லறையும்.

"கடிதத்துல பேசினது ஆயிரத்து ஐந்நூத்தம்பதுதானே?"

"அம்பது இப்ப வேணாம் சார். அப்பால மணியார்டர் பண்ணுங்க. நீங்க ஏமாத்த மாட்டீங்க."

வண்டி ஊதியது. எனக்குள் பழைய தீப்பெட்டி ஆபீஸ்காரன் விழித்துக்கொண்டான். பேசி முடித்த விலையைக் கடைசி நொடியில், ஆளை ஓட வைத்துக் கூட்டுகிறார்கள். இந்த வித்தை எனக்குத் தெரியாதா?

"வேண்டாம். இரும்பு எங்க ஊர்லயே கெடைக்கும்" என்றேன்.

வண்டி நகர்ந்தது. தனபால் சாக்குப்பையைக் காலால் உள்ளே தள்ளிக்கொண்டே ஏதோ கத்தினார். "எடை... சமம்..." என்று இரண்டு சொல்தான் காதில் விழுந்தது. பெட்டியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு வீடு வரை நடந்தேன். ஐம்பது ரூபாயை மிச்சம் பிடித்தவனுக்குக் கூலி கொடுத்துச் சுமை தூக்க வைக்க மனம் வருமா?

அறுபத்தொரு கரண்டி மண்

அன்று மாலையே தெரிந்துவிட்டது. தண்டின் மேல் நுனியில் காமிராவை வைத்தேன். குப்புறக் கவிழ்ந்தது. மேலே காமிரா என்றால் கீழே அதற்குச் சரியான எடை வேண்டும். தண்டின் அடியில் முன்னால் ஒரு கொக்கி, பின்னால் ஒரு கொக்கி. அவற்றில் தொங்க வேண்டிய நான்கு தகடுகளும் அந்நேரம் நாகர்கோவிலில் இருந்தன.

கடலைமிட்டாய் போடுகிற தெரிந்தவர் ஒருவரிடம் தராசுக் கற்களை இரவல் வாங்கி வந்து கட்டினேன். நடந்தால் ஒன்றோடொன்று இடித்து, காமிராவின் மைக்கில் கோயில் மணி மாதிரி விழுந்தது. துணி சுற்றினால் சத்தம் நின்றது, எடை சரிவரவில்லை. இரண்டு கிலோ போதவில்லை, அடுத்த கல்லைச் சேர்த்தால் அதிகம். எனக்கு நடுவில் உள்ள எடை வேண்டும்.

பேச்சியம்மாள் பழைய ரவிக்கைத் துணியில் இரண்டு பைகள் தைத்துக் கொடுத்தாள். "மணல் ஒரு சட்டி வாங்கிப் போடுங்க" என்றாள்.

"கொல்லை முழுக்க மண் கெடக்குதே, மணலுக்கு எதுக்குக் காசு?"

"அது கரிசலுங்க."

"எடைக்கு எந்த மண்ணா இருந்தா என்ன?"

அவள் பைகளை என் கையில் திணித்தாள். கொல்லைக் கரிசலை வெயிலில் உலர்த்தி, உடைத்து, சல்லடையில் சலித்து, கரண்டி கரண்டியாகப் போட்டேன். முன்பையில் அறுபத்தொரு கரண்டி, பின்பையில் ஐம்பத்தெட்டு. காமிரா நின்றது. தண்டின் மேல் ஒரே ஒரு விரலை வைத்துத் தள்ளினால் போதும். என் நடுக்கம் அந்த விரலோடு நின்றுவிட்டது. மேலே போகவில்லை.

நான்கு நாள் தெருவில் பழகினேன். பேச்சியம்மாள் கல்யாணப் பெண்ணாக முன்னோக்கி நடந்தாள், நான் பின்னோக்கி. எதிர் வீட்டுக்காரர் வாசலில் நின்று, "அண்ணாச்சி, வீட்டுக்காரியப் பாத்துப் பயந்து பின்னால போற ஆம்பளைய இப்பதான் கண்ணால பாக்கேன்" என்றார். தெருவே சிரித்தது. பேச்சியம்மாளும் சிரித்தாள். நான் எண்ணிக்கையை விட்டுவிட்டேன். முதலிலிருந்து நடக்க வேண்டியதாயிற்று.

இரவு காசெட்டைப் போட்டுப் பார்த்தோம். பேச்சியம்மாள் படத்தில் நடந்து வந்தாள். ஆடவில்லை. ஒன்பது வருஷத்தில் ஸ்டாண்ட் இல்லாமல் நான் எடுத்து ஆடாத ஒன்றை அன்றுதான் பார்த்தேன். அவள் என் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

மழை வேண்டாதவன்

ஐப்பசி பதினொன்று விடியும்போதே கிழக்கு கறுத்திருந்தது. அந்த வருஷம் விதைப்பு மழை சரியாக இல்லை. கல்யாண வீட்டில் பாதிப் பேர் பெண்ணைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தார்கள்.

"கோமதி ராசிக்காரிதான். இன்னைக்கு எறங்கிரும்" என்றார் ஒருவர்.

"எறங்கட்டும், எறங்கட்டும். பாயசத்துக்குள்ள விழுந்தாலும் குடிச்சிக்கிடுவோம்" என்றார் அழகர்சாமி அண்ணாச்சி. அன்று அவர் முகத்தில் அத்தனை வெளிச்சம்.

அந்த ஊரில் மழை வேண்டாமென்று வேண்டிக்கொண்ட ஆள் நான் ஒருவன்தான். காமிராவுக்கு ஒரு பாலிதீன் தாளை மேலே போட்டுக் கட்டினேன். லென்சுக்கு முன்னால் கொஞ்சம் நீட்டி, சரிவாக விட்டேன். குடை பிடிக்க ஆள் வைக்கலாம், ஆனால் பின்னோக்கி நடக்கும்போது அவர் என் மேல் இடித்தால் எல்லாம் போயிற்று.

ஏழு மணிக்கு நடை தொடங்கியது. கோமதி, அண்ணாச்சியின் கையைப் பிடித்திருந்தாள். பின்னால் பெண்களின் குலவை. காமிராவின் சின்னத் திரையில் இரண்டு முகங்களும் இடுப்பு வரை அழகாக நின்றன. ஒன்று, இரண்டு, மூன்று. நூறு வரை ஒரு குறையும் இல்லை.

நூற்று முப்பதில் தூறல் விழுந்தது. கூட்டம் ஓவென்று கத்தியது. அண்ணாச்சி அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு படத்தில் இருக்கிறது. நூற்று நாற்பதில் தூறல் மழையாயிற்று.

நூற்று ஐம்பதில் அவருடைய தலைப்பாகை திரைக்கு மேலே போய்விட்டது. அவர்தான் நிமிர்கிறார் என்று நினைத்தேன். நூற்று அறுபதில் நெற்றி இல்லை. காமிரா குனிந்துகொண்டிருந்தது.

கீழே பார்த்தேன். பாலிதீன் தாளின் சரிவிலிருந்து தண்ணீர் நூல் பிடித்தாற்போல் நேராக முன்பையின் மேல் ஒழுகியது. சலித்து உலர்த்திய கரிசல். ஒரு சொட்டைக்கூட வெளியே விடாமல் குடித்து, பலாக்கொட்டை மாதிரி உப்பியிருந்தது. பின்பை உலர்ந்திருந்தது. இந்த மண்ணில் பிறந்து, மழையில் இது செருப்போடு ஒட்டிக்கொண்டு காலைத் தூக்கவிடாமல் செய்வதை நாற்பது வருஷம் பார்த்தவன் நான். அந்த மண்ணைத்தான் உலர்ந்த எடைக்குக் கரண்டி எண்ணிப் போட்டிருக்கிறேன்.

கழுத்து போனது. மார்பு போனது. கோத்துப் பிடித்திருந்த கைகள் போயின. நூற்று எழுபத்திரண்டில் கால்கள் வந்துவிட்டன.

கோமதியின் மஞ்சள் பூசிய கால்கள். பக்கத்தில் அண்ணாச்சியின் கால்கள். இடது காலின் கட்டு நனைந்து, அவிழ்ந்து, சகதியில் இழுபட்டது. மொட்டையான முனை தெளிவாகத் தெரிந்தது.

வலது கையால் தண்டைப் பிடித்து நிமிர்த்தலாம். பிடித்தால் என் நடுக்கம் ஏறிவிடும். இடது கை கருவியின் இரும்புக் கையைப் பிடித்திருந்தது, ஒயரில் இழுத்துக் கட்டிய நிறுத்தும் பொத்தானின் மேல் அதன் கட்டைவிரல் இருந்தது. நிறுத்தலாம்.

நான் நிறுத்தவில்லை.

ஒரே மூச்சாக எடுக்கச் சொன்னார், அதனால்தான் நிறுத்தவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இங்கே உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். படம் ஆடவில்லை. அந்தக் கால்கள் ஒரு மயிரிழை கூட ஆடாமல் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தன. கையை வைத்து அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. நாற்பத்திரண்டு அடி கால்களையே எடுத்தேன்.

தலையை ஆட்டினேன்

தாலி கட்டியதை ஸ்டாண்டில் வைத்து எடுத்தேன். அதில் குறையில்லை.

அபுதாபியில் ராஜபாண்டியின் அறையில் தங்கியிருக்கும் ஒருவர் விடுமுறைக்கு வந்திருந்தார். அன்று மாலை வண்டியில் பம்பாய் போய், அங்கிருந்து விமானம் ஏறுகிறார். காசெட்டை அவர் கையில் கொடுத்தனுப்ப ஏற்பாடு. பதினொரு மணிக்குக் கேட்டு வந்தார். அதுவரை அந்த நடைக்காட்சியின் மேல் வேறு எதையாவது பதிந்து அழிக்க எனக்கு மூன்று மணி நேரம் இருந்தது. காசெட்டைப் பையில் வைத்துக்கொண்டு பந்தலைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

அண்ணாச்சி புதுக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்.

"நல்லா விழுந்துருக்கா, தம்பி?"

"ஆடவே இல்ல அண்ணாச்சி."

"இடுப்புக்கு மேலதான?"

இல்லை என்றால், ஏன் நிமிர்த்தவில்லை என்பார். அதற்கு என் கையைக் காட்ட வேண்டும். சுற்றிலும் முப்பது பேர் இருந்தார்கள். அதில் ஐந்து பேர் வீட்டில் தை மாதம் கல்யாணம்.

தலையை ஆட்டினேன். அவர் எழுநூறு ரூபாயை வெற்றிலையில் வைத்துக் கொடுத்தார். இடது கையை அடியில் முட்டுக் கொடுத்து வாங்கிக்கொண்டேன். மரியாதைக்காக என்று நினைத்திருப்பார்.

மகன் வந்தான்

கல்யாணம் முடிந்து ஐம்பதாவது நாள், செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றே கால். சட்டைப் பையில் வெளிநாட்டுப் பேனா குத்திய ஒருவன் ஸ்டூடியோவுக்குள் வந்தான். அம்மாவின் கண்கள் அப்படியே இருந்தன. யாரென்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"அண்ணாச்சி, நாந்தான் ராஜபாண்டி. ஒங்களக் கும்பிட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

நாற்காலியைத் துடைத்துப் போட்டேன்.

"அந்தக் கால எத்தன வாட்டி ஓட்டி ஓட்டிப் பாத்தேன் தெரியுமா? மூணாவது வெரலும் கருத்துட்டுன்னு படத்துலயே தெரிஞ்சுது. வேலைய விட்டுட்டு வந்து மதுரைக்குக் கூட்டிட்டுப் போனேன். இன்னும் தாமதிச்சிருந்தா காலே போயிருக்கும்னு சொல்லுதாவ. அப்பா ஒங்க மேல கொதிச்சுப் போயிருக்காரு. நீங்க வேணும்னே எனக்குக் காட்டிக் குடுத்துட்டீங்கன்னு. அவரு கெடக்காரு விடுங்க. நீங்க செஞ்சது பெரிய உபகாரம்."

பேச்சியம்மாள் காப்பி கொண்டுவந்தாள். அவனுக்கு முழு டம்ளர். எனக்கு அரை டம்ளர். அவன் கும்பிட்டதை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டால் யாருக்கும் நஷ்டமில்லை.

"அவருக்கு இன்னும் பாதி ஊத்தணும்" என்று பேச்சியம்மாள் அவனிடம் சொன்னாள், ஏதோ சமாதானம் சொல்வது போல. பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை என்ன கேட்டது என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் நாகலாபுரம் பஸ் ஏறினேன்.

அண்ணாச்சி கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வா என்று சொல்லவில்லை. நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். தகடு, மண், மழை, பொத்தான், கட்டைவிரல். பிறகு எழுநூறு ரூபாயை வலது கையில் பிடித்து, முட்டுக் கொடுக்காமல் நீட்டினேன். நோட்டுகள் சலசலவென்று அடித்துக்கொண்டன.

அவர் நோட்டைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார்.

"எம்புட்டு நாளா?"

"ஒம்பது வருசமா."

"எம் பொண்டாட்டி படம்?"

"அது ஸ்டாண்டுல வச்சு எடுத்தது."

அவர் சுவரிலிருந்த மனைவியின் படத்தைப் பார்த்தார். வெளியே ஆட்டுக்குட்டி ஒன்று விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

"வேணும்னு எடுத்திருந்தீருன்னா மன்னிச்சிருப்பேன், தம்பி. எம் மவனுக்கு நல்லது நெனச்சு எடுத்தாரு, நமக்குப் பிடிக்காட்டாலும் போட்டும்னு விட்டிருப்பேன். ஒம்ம படம் ஆடாம வரணும்னு எங் கால எடுத்திருக்கீரு. கேட்டதுக்குத் தலைய வேற ஆட்டிட்டீரு."

பணத்தை வாங்கிக்கொண்டார். எண்ணவில்லை. தலையணைக்குக் கீழே வைத்தார்.

"அவ படத்தோட நெகட்டிவ் ஒம்மகிட்டதான கெடக்கு? அதக் குடுத்துவிட்டுரும்."

ஊர் திரும்பியதும் அடுத்த பஸ்ஸிலேயே தெரிந்தவர் ஒருவரிடம் உறையில் போட்டுக் கொடுத்தனுப்பினேன். மூன்று நெகட்டிவ்கள். சரியாக வராத முதல் இரண்டையும் சேர்த்து. அதற்குப் பிறகு அவர் பதினாறு வருஷம் இருந்தார், இரண்டு காலோடும் இருந்தார். கோவில்பட்டி பஸ் நிலையத்தில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

தனபாலுக்கு எழுதித் தகடுகளை வரவழைத்தீர்களா என்று யாராவது கேட்பீர்கள். எழுதினேன். வேறு ஒருவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்று பதில் வந்தது. தாங்கியை மறுபடி மார்பில் கட்டவில்லை. பேச்சியம்மாள் கச்சையின் வாரைக் கழற்றிக் கிணற்று உருளையைக் கட்ட எடுத்துக்கொண்டாள்.

தாங்கி ஆயிரத்து ஐந்நூற்றைம்பது. பிளாட்பார டிக்கெட் ஒரு ரூபாய். பாலிதீன் தாள் இரண்டு ரூபாய் நாற்பது காசு. நாகலாபுரம் போய் வந்த பஸ் எட்டு ரூபாய். திருப்பிக் கொடுத்தது எழுநூறு. தகடு வாங்காமல் மிச்சம் பிடித்த ஐம்பதை இதில் கழிக்கவில்லை. ஆக மொத்தம் இரண்டாயிரத்து இருநூற்று அறுபத்தொரு ரூபாய் நாற்பது காசு.